விளையாட்டுப் பதக்கங்கள்: தோற்றமும் நோக்கமும்

பதக்கம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது அணிகலனே. மணிகள் இழைத்து, சரத்தின் நடுவே கோத்து, மார்பின்மீது தவழுமாறு அணியப்படுவது பதக்கம். மேலைநாட்டு ‘மெடல்’ தமிழுலகுக்கு அறிமுகமானபோது அதற்கும் இப்பெயரே சூட்டப்பெற்றது. இன்று விளையாட்டு வீரரின் கழுத்தில் நாடாவில் தொங்கும் வட்டத்தைப் பதக்கம் என்று அழைப்பதில் எவருக்கும் தயக்கம் இல்லை. ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து, ஐரோப்பாவில் இக்கலைப்பொருள் பெரும்பாலும் உள்ளங்கையில் ஏந்தி, இருபுறமும் புரட்டிப் பார்த்து, பின்னர்ப் பேழையில் வைத்துக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பது விளங்கும். கோடைக்கால ஒலிம்பிக் விளையாட்டில் பதக்கம் வீரரின் கழுத்தில் ஏறியது 1960ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு உரோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், 67.5 கிலோகிராம் பிரிவுப் பளுதூக்கும் போட்டியில், சிங்கப்பூரின் டான் ஹாவ் லியாங் மொத்தம் 380 கிலோகிராம் தூக்கி இரண்டாம் இடம் பெற்றார். சிங்கப்பூர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு அந்நாடு 2008ஆம் ஆண்டுவரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. உரோமில் அவர் கழுத்தில் அணிவிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம், புன்னை போன்ற வாகை இலைகளாலான சங்கிலி ஒன்றில் கோக்கப்பட்டிருந்தது. தமிழ்ச் சொல்லின் பொருளுக்கு ஒலிம்பிக் பதக்கம் இணங்கிவந்த ஆண்டு அது எனலாம்.

அப்பதக்கத்தின் முகப்பில் இருப்பது அமர்ந்த கோலத்தில் உள்ள வெற்றித் தெய்வம். மறுபுறத்தில் இருப்பது மக்கள் தோள்மீது சுமந்து செல்லும் ஒரு வீரன். அவ்வீரன் டான் ஹாவ் லியாங் அல்லன். உலகில் வாழ்ந்த எவனும் அல்லன். பெயரில்லாத ஒரு வீரனின் உருவத்தைச் சுமந்த பதக்கம், பெயருள்ள ஒரு வீரனின் மார்பில் தொங்கியது. ஒருவரை நினைவில் நிறுத்துவதற்கென்று செய்யப்படும் பொருளில் அவருடைய முகமும் பெயரும் இல்லாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், பதக்கம் பிறந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முதற்கண் நாணயத்தையும் பதக்கத்தையும் வேறுபடுத்திக் கொள்ளுதல் நலம். 1973ஆம் ஆண்டில் ஏழாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடைபெற்றபோது, அதன் நினைவாக ஐந்து வெள்ளி மதிப்புள்ள வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. வாங்கியவர் எவரும் அதைக் கடைவீதியில் செலவழித்திருக்க மாட்டார். ஆயினும் அது நாணயமே. அதன் மதிப்பை நாட்டின் சட்டம் உறுதி செய்கிறது. பதக்கத்துக்கு அத்தகைய மதிப்பு எதுவும் இல்லை. அதைக் கொண்டு ஒரு படி அரிசியும் வாங்க இயலாது. நினைவு ஒன்றே அதன் மதிப்பு. வடிவிலும் வேறுபாடு உண்டு. நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எண்ணப்பட வேண்டியவை. ஆதலின் அவற்றின் உருவங்கள் தாழ்ந்தே இருக்கும். பதக்கத்துக்கு அக்கட்டாயம் இல்லை. அதன் உருவங்கள் எவ்வளவு உயரமாகவும் எழும்பி நிற்கலாம். ஆகவேதான் சிற்பிகள் அதனை நாடினர்.

பண்டைய கிரேக்கர் ஒலிம்பியாவில் வென்றோர்க்குப் பதக்கம் வழங்கவில்லை. காட்டு ஒலிவ மரத்தின் கிளையால் வளைத்த முடியொன்றே பரிசு. அது சில நாட்களில் வாடிவிடும். வாடாத நினைவை வேண்டியோர் புலவரையும் சிற்பியையும் நாடினர். வென்றவன் ஒலிம்பியாவில் தனக்குச் சிலை எழுப்ப உரிமை பெற்றான். ஆனால், அவனுடைய முகச்சாயல் அமைந்த சிலை மும்முறை வென்றவர்க்கே உரியது என்று உரோம நூலாசிரியர் பிளினி எழுதியுள்ளார். வென்றவனின் முகத்தை உலோகத்தில் வடிப்பதற்கு அக்காலத்திலேயே இத்தகைய தயக்கம் இருந்தது என்பது கருதத்தக்கது.

வெற்றியை உலோகத்தில் பொறிக்கும் வேலையைக் கிரேக்க அரசர்கள் நாணயத்தின் வாயிலாகச் செய்துகொண்டனர். மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பு, கி.மு. 356இல் ஒலிம்பியாவின் குதிரைப் பந்தயத்தில் தன் குதிரை வென்றதைத் தன் வெள்ளிக் காசுகளில் பொறித்தான். பொற்காசுகளில் தேரைப் பொறித்தான். தேர்ப் பந்தய வெற்றிகளைக் காசில் பதித்துப் பெருமை தேடிக்கொண்டவன் என்று புளூட்டார்க் அவனைக் குறிப்பிடுகிறார். சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிடப்பட்ட பத்துத் திராக்மாக் காசு இவற்றினும் சிறந்தது. ஏறத்தாழ 43 கிராம் எடையுள்ள அப்பெரிய வெள்ளிக் காசில் நான்கு குதிரைகள் பூட்டிய தேர் பாய்ந்து செல்கிறது. வெற்றித் தெய்வமாகிய நைக்கி பறந்து வந்து தேரோட்டிக்கு முடி சூட்டுகிறாள். தேரின் கீழே கேடயம், மார்புக் கவசம், தலைக்கவசம் முதலிய பரிசுப் பொருள்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அருகே ‘பரிசுகள்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். கீமோன், யூவைனெட்டோஸ் என்னும் இரு அச்சுக் கலைஞர் தம் பெயர்களை அக்காசுகளில் பொறித்தனர். கலைஞனின் பெயர் இருக்கிறது. தேரோட்டியின் பெயர் இல்லை.

உரோமப் பேரரசின் இறுதிக் காலத்தில், கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில், விளிம்பு உயர்ந்த வெண்கல வட்டங்கள் தோன்றின. அவை செலாவணிக் காசுகள் அல்ல. ஒருபுறம் அலெக்சாண்டர், நீரோ, டிராஜன் போன்றோரின் முகங்களும், மறுபுறம் பந்தயக் களக் காட்சிகளும் அவற்றில் உள்ளன. புத்தாண்டு அன்பளிப்பு என்பார் ஒரு சாரார். பந்தயக் களத்தோடு தொடர்புடைய நினைவுப் பொருள் என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அவற்றுள் சிலவற்றில் தேரோட்டிகளின் பெயர்களும் குதிரைகளின் பெயர்களுங்கூடக் காணப்படுகின்றன. பிற்கால ஒலிம்பிக் பதக்கத்துக்குக் கிட்டாத பேறு, உரோமக் குதிரை ஒன்றுக்குக் கிட்டியிருக்கிறது!

இடைக்காலத்தில் இக்கலை மறைந்தது. அது மீண்டும் முளைத்ததற்குக் காரணம், பழங்காசுகளைத் தேடிச் சேர்த்தோரின் ஆர்வமே. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் உரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1354ஆம் ஆண்டில் மாந்துவா நகரில் நான்காம் சார்லஸ் மன்னனைச் சந்தித்தபோது அவற்றுள் சிலவற்றை அளித்து, இம்முகங்களுக்குரியோர் வாழ்ந்தவாறு வாழ்க என்று அறிவுறுத்தினார். வரலாற்றுப் பாடம் நடத்துவதற்குக் கையடக்கமான கருவி ஒன்றை அவர் கண்டுகொண்டார் என்றே சொல்ல வேண்டும். காசைச் சேர்ப்பவர் மிகுந்தபோது, தம் முகத்தையும் அவ்வாறு விட்டுச்செல்ல வேண்டும் என்னும் ஆசை அரசர்க்கு எழுந்தது இயல்பே.

அவ்வாசையைக் கலையாக்கியவர் பிசானெல்லோ என்னும் ஓவியர். 1438ஆம் ஆண்டில், கீழைத் திருச்சபையையும் மேலைத் திருச்சபையையும் ஒன்றிணைக்கும் பொருட்டு, இத்தாலியின் ஃபெராரா நகரில் பேரவை ஒன்று கூடியது. துருக்கியரின் முற்றுகைக்கு அஞ்சிய கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் எட்டாம் ஜான் பாலியோலோகஸ், மேலைநாட்டாரின் உதவியை வேண்டி அங்கு வந்திருந்தார். அவரை நேரில் கண்ட பிசானெல்லோ, ஏறத்தாழப் பத்துச் சென்டிமீட்டர் விட்டமுள்ள பதக்கம் ஒன்றை வடித்தார். ஒருபுறம், கூரிய உச்சியுடைய தொப்பி அணிந்த பேரரசரின் பக்கவாட்டு முகமும், சுற்றிலும் அவர் பெயரும் உள்ளன. மறுபுறம், வேட்டைக்கோலத்தில் குதிரைமேல் அமர்ந்த பேரரசர், பாறைகள் நிறைந்த வழியில் சிலுவை ஒன்றின் முன் நின்று வணங்குகிறார். கீழே, ஓவியர் பிசானோவின் படைப்பு என்னும் வாசகம் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது.

பேரவை இழுபட்டுக்கொண்டே போக, பேரரசர் பெரும்பொழுதை வேட்டையில் கழித்தார் என்றும், விளைநிலங்கள் பாழாவதாக முறையீடு எழுந்தது என்றும் அக்கால வரலாறு கூறும். ஆகவே மறுமலர்ச்சிக் காலப் பதக்கக் கலையின் முதற் படைப்பாகப் போற்றப்படுவதன் பின்புறத்தில் இருப்பது ஒருவகையில் விளையாட்டே என்று சொன்னால் மிகையாகாது. பேரரசர் வேண்டிய உதவி போதிய அளவில் கிட்டவில்லை. 1448இல் அவர் மறைந்தார். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது. பேரரசு அழிந்தபின்னும் அவர் முகத்தை உலகம் அறிந்திருப்பதற்குப் பிசானெல்லோவின் வெண்கல வட்டமே பெருங்காரணம்.

இங்கு நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிசானெல்லோவின் பதக்கம் பரிசு அன்று. எவரும் எதிலும் வென்றமைக்காக அது வழங்கப்படவில்லை. வாழ்ந்த ஒருவரின் முகமும் பெயரும் ஒருபுறம், அவர் இயல்பைக் காட்டும் காட்சி மறுபுறம் என்பதே அதன் இலக்கணம். இவ்விலக்கணம் ஐரோப்பா முழுவதும் பரவியது. நண்பர் நண்பர்க்கு அளித்தனர். அரசர் தூதுவர்க்கு அளித்தனர். பிரான்சின் பதினான்காம் லூயி தன் ஆட்சியின் முதன்மையான நிகழ்ச்சிகளைப் பதக்கங்களாக அடித்து, அவற்றை விளக்கும் பெருநூல் ஒன்றையும் 1702இல் வெளியிடச் செய்தான். பதக்கம் அரசியல் விளம்பரமாயிற்று.

விளையாட்டு இதனுள் மெல்லவே நுழைந்தது. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி சுடும் விழாக்கள் பெருந்திருவிழாக்களாக நடைபெற்றன. 1842ஆம் ஆண்டில் கூர் நகர விழாவில் தொடங்கி, 1885ஆம் ஆண்டின் பெர்ன் நகர விழாவரை, விழாதோறும் நினைவு வெள்ளிக் காசுகள் வெளியிடப்பட்டன. வந்தவர்கள் அவற்றை வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். இன்று காசு சேர்ப்போர் அவற்றை விரும்பித் தேடுகின்றனர். எனினும் அவை காசின் உடையிலேயே வந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் ஒரு பொறி இக்கலையின் போக்கையே மாற்றியது. அதுவரை, அடித்துச் செய்யும் பதக்கத்துக்கு வேண்டிய எஃகு அச்சைக் கலைஞன் அதன் உண்மை அளவிலேயே, உள்நோக்கிக் குடைந்து, எதிர்மறையாகச் செதுக்க வேண்டும். அது கண்ணைக் கெடுக்கும் வேலை. கற்றுத் தேர்ந்தோர் சிலரே. உருக்குறைப்புப் பொறி வந்தபின் நிலைமை மாறியது. சிற்பி தன் விருப்பம்போல் தட்டளவில் களிமண்ணிலோ மெழுகிலோ உருவத்தை வனைவான். அதிலிருந்து சாந்து வார்ப்பும், அதிலிருந்து கடினமான உலோக வார்ப்பும் எடுக்கப்படும். பொறியின் ஒருமுனையில் உள்ள மழுங்கிய ஊசி அவ்வார்ப்பின் மேடு பள்ளங்களை வருடிச் செல்ல, மறுமுனையில் உள்ள வெட்டூசி அதே மேடு பள்ளங்களைச் சிறிய அளவில் எஃகில் வெட்டிச் செல்லும். விக்டர் ஜான்வியே என்பார் 1899இல் இப்பொறியைத் திருத்தி உரிமை பெற்றார். எஃகு அச்சு உரமேற்றப்பட்டபின், வெண்கல வட்டம் அதனிடையே வைத்து அழுத்தப்படும். நாணயத்துக்கு ஓர் அடி போதும். உருவம் உயர்ந்த பதக்கத்துக்குப் பல அடிகள் வேண்டும். இடையிடையே உலோகத்தை உலையிலிட்டு இளக்கவும் வேண்டும். இதனால் பெருஞ்சிற்பிகள் பலரும் பதக்கம் செய்ய முன்வந்தனர். 1899இல் பிரான்சில் பதக்க அன்பர்களுக்கெனக் கழகமே தோன்றியது.

இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இம்முறையில் பதக்கம் செய்யச் சில திங்கள்களேனும் ஆகும். போட்டி முடிந்த மேடையிலேயே பரிசு வழங்க வேண்டுமாயின், போட்டி தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே அச்சு ஆயத்தமாக வேண்டும். அப்பொழுது வெல்லப்போகிறவன் யார் என்பதை எவரும் அறியார். பிசானெல்லோ முகத்தைப் பார்த்தபின் பதக்கம் வடித்தார். விளையாட்டுப் பதக்கத்தை வடிக்கும் சிற்பியோ, இன்னும் தோன்றாத ஒரு முகத்துக்காகப் பதக்கம் வடிக்க வேண்டியவன். முன்னர் எழுந்த வினாவுக்கு விடை இதுவே. முகமும் பெயரும் இருந்த இடத்தைத் தெய்வங்களும் பெயரிலா வீரரும் நிரப்பினர்.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு புத்துயிர் பெற்றபோது, பதக்கத்தை வடிக்கும் பணி பிரெஞ்சுக் கலைஞர் ஜூல் கிளெமான் ஷாப்லேனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிஸ் நாணயச் சாலையில் அது அடிக்கப்பட்டது. முகப்பில் சீயஸ் கடவுளின் முகம். அவர் ஏந்திய உருண்டைமேல் நைக்கி. மறுபுறம் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்று. மனித முகம் இருக்க வேண்டிய இடத்தில் கடவுளின் முகம் வந்தமர்ந்ததைக் காண்க. முதலிடம் பெற்றவர்க்கு வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும் வழங்கப்பட்டன. பொற்பதக்கம் அன்று இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம் என்னும் வரிசை 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில்தான் தொடங்கியது. முழுப் பொன்னாலான பதக்கமும் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் விளையாட்டோடு முடிந்தது. அதன்பின் வந்த பொற்பதக்கம், பொன்முலாம் பூசிய வெள்ளியே என்பதை மாணவர் பலர் அறியார்.

ஏதென்ஸில் இன்னொரு பதக்கமும் வழங்கப்பட்டது. ஓவியர் நிகிபோரோஸ் லைட்ராஸ் அமைத்த அதில், நைக்கி வாகை மாலையுடன் அமர்ந்திருக்க, அருகே தீயிலிருந்து ஃபீனிக்ஸ் பறவை எழுகிறது. இது வென்றவர்க்கு மட்டும் உரியது அன்று. கலந்துகொண்டோர்க்கு வழங்கப்பட்ட நினைவுப் பதக்கம். அன்று முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இவ்விரு வகைகளும் இணையாக வந்தன. பரிசுப் பதக்கம் மனிதரை முதல், இரண்டு, மூன்று எனப் பிரிக்கிறது. நினைவுப் பதக்கமோ, நீ அங்கிருந்தாய் என்று மட்டும் சொல்கிறது. பிசானெல்லோவின் நோக்கத்துக்கு அண்மையில் நிற்பது பின்னதே. செய்தித்தாள்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை. பதக்கம் சேர்ப்போர் அதை மறந்ததும் இல்லை.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் போட்டியில் வழங்கப்பட்ட, ஃபிரெடெரிக் வெர்னோனின் பதக்கம் வட்டமாக இராமல் நீள்சதுரமாக இருந்தது. உலகப் பொருட்காட்சியின் ஓர் அங்கமாக அப்போட்டிகள் நடைபெற்றமையால், ஒலிம்பிக் என்னும் சொல்லே அதில் இல்லை. அழகுடைய பதக்கந்தான், எதன் நினைவு என்பதைத்தான் அது சொல்ல மறந்தது.

பெயரில்லா வீரனை வடிப்பது என்னும் இடர்ப்பாட்டை ஒரு கலைக்கொள்கையாகவே ஆக்கியவர் ராபர்ட் டெயிட் மெக்கன்சி. ஆசிரியர்கள் இவரைப் பற்றிச் சற்று விரிவாக அறிதல் தகும். ஏனெனில் இவர் முதற்கண் ஆசிரியர். 1867இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அல்மான்ட் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்தவரே, இருவரும் நண்பர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மெக்கன்சி, அங்கேயே உடற்கூற்றியலும் உடற்பயிற்சியும் கற்பித்தார். 1904இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

பந்தய முடிவில் வீரரின் முகம் அடையும் மாற்றங்களை மாணவர்க்கு விளக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதற்காக அவர் நான்கு முகமூடிகளை வனைந்தார்: கடுமுயற்சி, மூச்சுத் திணறல், களைப்பு, முழுச் சோர்வு. கற்பிக்கும் கருவியாகத் தொடங்கியது சிற்பமாக முடிந்தது. 1903இல் அவர் வடித்த ‘விளையாட்டு வீரன்’ என்னும் சிறு சிலை, ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களின் உடலளவுகளைச் சராசரி கண்டு அமைக்கப்பட்டது. பலரின் தோளும் பலரின் தொடையும் கூடி உருவான அவ்வீரன் எவனுமல்லன். எனினும் அளவு கொடுத்த ஒவ்வொருவனும் அதில் சிறிது உள்ளான். ஷாப்லேன் கடவுளின் முகத்தை நாடினார். மெக்கன்சி தம் மாணவர்களின் அளவுநாடாவை நாடினார். இரண்டாவதே கடினமான வழி. நேர்மையான வழியும் அதுவே எனத் தோன்றுகிறது.

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின்போது, ‘முயற்சியின் மகிழ்ச்சி’ என்னும் அவருடைய பெரிய வெண்கல வட்டம் அந்நகர விளையாட்டரங்கின் சுவரில் பதிக்கப்பட்டது. தடை தாண்டும் மூவர் ஒருசேர எழும்பிப் பாயும் காட்சி அதில் உள்ளது. மூவரில் முந்தியவன் யார் என்று தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். முந்தும் கணத்தை விடுத்து எழும்பும் கணத்தையே சிற்பி தேர்ந்துகொண்டார். படைப்பின் பெயரில் வெற்றி என்னும் சொல் இல்லாமையும் நோக்கத்தக்கது.

அதே 1912ஆம் ஆண்டில்தான், பியர் தெ கூபர்தேன் பிரபுவின் விருப்பப்படி, ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் தொடங்கின. விளையாட்டைப் பொருளாகக் கொண்ட கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பதக்கக் கலைக்கென்றே தனிப்பிரிவு அமைந்தது. ஆஸ்திரியாவின் எட்வின் கிரீனாவர் அதில் முதலிடம் பெற்றார். பதக்கம் செய்தமைக்காகப் பதக்கம்! 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில், பதக்கமும் புடைப்புச் சிற்பமும் சேர்ந்த பிரிவில், போலந்தின் யோசெஃப் க்ளுக்கோவ்ஸ்கி பொன்னும், அமெரிக்காவின் ஃபிரெடெரிக் மக்மானிஸ் வெள்ளியும் பெற்றனர். அறுபத்தைந்து வயதை எட்டியிருந்த மெக்கன்சி, ‘வீரர்களின் கேடயம்’ என்னும் படைப்புக்காக வெண்கலம் பெற்றார்.

மக்மானிஸுக்கு வெள்ளி பெற்றுத்தந்த பதக்கம் வேறொரு வரலாற்றுக்கு வழிகாட்டுகிறது. 1927இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியொருவராக விமானத்தில் இடைநில்லாது கடந்த சார்லஸ் லிண்ட்பர்க்கின் உருவம் அதில் உள்ளது. செயலை முடித்தவரின் முகம், செயல் முடிந்தபின் வடிக்கப்பட்டது. பிசானெல்லோவின் முறை மீண்டது. அப்பதக்கம் பரிசுக்காக அடிக்கப்பட்டதும் அன்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய பதக்கக் கலைஞர் கழகத்தின் வெளியீடு அது. இதழுக்குச் சந்தா கட்டுவதுபோல் உறுப்பினர் ஆண்டுக் கட்டணம் செலுத்துவர். ஆண்டுக்கு இரண்டு பதக்கங்கள் அவர்கள் வீடு தேடி வரும். எப்பொருளை வடிப்பது என்பது சிற்பியின் விருப்பம். கழகத்தின் முதல் வெளியீட்டை வடித்தவர் லாரா கார்டின் ஃபிரேசர் என்னும் பெண் சிற்பி. அவர் தேர்ந்த பொருள், நாயுடன் செல்லும் வேட்டைக்காரன், மறுபுறம் காட்டுக்கோழி. ஃபெராராவில் பேரரசர் வேட்டைக்குச் சென்ற அதே பின்புறத்திலிருந்து, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ஒரு சாதாரண வேட்டைக்காரன் முன்புறத்துக்கு வந்துவிட்டான். 1995ஆம் ஆண்டுவரை அக்கழகம் பதக்கங்களை வெளியிட்டது. நூலகம் வைத்திருப்போர் நூலை அடுக்குவதுபோல், ஆசிரியரும் மருத்துவரும் வணிகரும் தம் மேசை இழுப்பறைகளில் அவற்றை அடுக்கி வைத்தனர்.

ஒலிம்பிக் கலைப் போட்டிகளோ நெடுநாள் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டு இலண்டனில் பதக்கக் கலைப் பிரிவில் பொற்பதக்கத்துக்குத் தகுதியான படைப்பே இல்லை என்று நடுவர்கள் முடிவு செய்தனர். கிரீனாவர் இம்முறை வெண்கலம் பெற்றார். கலைஞர்கள் கலையை விற்றுப் பிழைப்பவர்கள்; ஊதியத்துக்கு ஆடாதவரே ஒலிம்பிக்கில் பங்குபெறலாம் என்னும் அந்நாளைய விதிக்கு அது முரண் என்று கூறி, அதன்பின் போட்டிகள் கைவிடப்பட்டன. ஓட்டக்காரனுக்கு வகுத்த விதியைச் சிற்பிக்கும் பொருத்தியது சரியா என்பது ஐயத்துக்குரியதே. விளையாட்டுப் பதக்கம் கலையுலகோடு கொண்டிருந்த நேரடி உறவு அத்துடன் தளர்ந்தது.

இதற்கிடையே, 1928 முதல், இத்தாலியச் சிற்பி ஜூசெப்பே காசியோலியின் வடிவமே கோடைக்கால ஒலிம்பிக்கின் நிலையான பதக்கமாயிற்று. டான் ஹாவ் லியாங் பெற்றதும் அதுவே. 1972இல் மியூனிக் நகரில் பின்புறம் மாற்றப்பட்டது. ஆனால் முகப்பில் இருந்த வெற்றித் தெய்வம் 2000ஆம் ஆண்டுவரை நீடித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிழையும் நீடித்தது. அங்கே தெரியும் கட்டடம் உரோமின் கொலோசியத்தை ஒத்தது. கொலோசியம் கி.பி. 80இல் திறக்கப்பட்டது, மனிதர் மனிதரையும் விலங்கையும் வெட்டிச் சாய்த்த களம் அது. ஒலிம்பியாவின் ஓட்டக்களத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் தலைசிறந்த வீரர் பலர் அதனை அணிந்து நின்றனர். சிட்னியில் 2000ஆம் ஆண்டு விளையாட்டு நெருங்கியபோது கிரேக்கர் குரல் உரத்து எழுந்தது. கழுத்தில் அணியும் பொருளைக் கையிலெடுத்து உற்றுப் பார்க்கும் பழக்கம் குறைந்துபோனதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2004ஆம் ஆண்டு விளையாட்டு மீண்டும் ஏதென்ஸுக்குத் திரும்பியபோது பிழை திருத்தப்பட்டது. எலெனா வோட்ஸி என்னும் கிரேக்கக் கலைஞர் அமைத்த முகப்பில், ஒலிம்பியாவில் கண்டெடுக்கப்பட்ட பயோனியோஸின் சிலையைத் தழுவிய நைக்கி, 1896இல் போட்டிகள் நடந்த பளிங்கு அரங்கினுள் பறந்து இறங்குகிறாள். பின்னால் அக்ரோபொலிஸ் குன்று. மறுபுறத்தில், கிரேக்கப் புலவர் பிண்டார் பாடிய எட்டாம் ஒலிம்பியப் பாடலின் தொடக்க அடிகள் பொறிக்கப்பட்டன.

அப்பாடல் கி.மு. 460இல் சிறுவர் மற்போரில் வென்ற ஒருவனுக்காகப் பாடப்பட்டது. ஈஜினாத் தீவைச் சேர்ந்த அவன் பெயர் அல்கிமேடோன். தொடக்க அடிகளில் ஒலிம்பியாவின் பெயர் வருகிறது; அவன் பெயர் அவற்றுக்குப் பின்னர்தான் வருகிறது. பதக்கத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.